பாழ்மனைகளும் படக்கருவிகளும்

மனநோயாளர் வாழ்ந்து மடிந்து, பின்னர் பூட்டிக் கைவிடப்பட்ட மருத்துவமனைகளுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, அங்குள்ள இடிபாடுகளைப் படமெடுத்துப் பரப்புவது மேலைநாடுகளில் ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துவிட்டது. உரிந்து தொங்கும் வண்ணப்பூச்சு, கூரை ஓட்டையின் வழியே இறங்கும் ஒளிக்கற்றை, நீண்ட நடைக்கூடத்தின் நடுவே தனித்து நிற்கும் சக்கர நாற்காலி, துருவேறிய இரும்புக் கட்டில்: எந்நாட்டுப் படமாயினும் இவை தவறுவதில்லை. அடியில் 'பேய்கள் உலவும் பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்று ஒரு வரி. கட்டுமாவடியிலும் அடுத்துள்ள கடலோர ஊர்களிலும் வாழும் நம் இளைஞரின் கைபேசிகளுக்கு இப்படங்கள் வந்து சேர்கின்றன. நம் பக்கத்தில் அப்படியொரு கட்டடம் இல்லாத குறையைத் தீர்க்க, விடுமுறை நாள்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கி வண்டிகளை விரட்டிச் சென்று, 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் உடைந்த கோவில் சுவர்களருகே நின்று படமெடுத்துத் திரும்புகின்றனர்.

"ஆளில்லாத கட்டடத்தைத்தானே சாமி படமெடுக்கிறார்கள், இதனால் யாருக்கு என்ன நட்டம்?" என்று அவர்கள் கேட்பதுண்டு. நட்டம் உண்டு என்பதே என் வாதம்.

உடலுக்கு நேரும் ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எல்லாருக்கும் எளிதில் விளங்கும். ஆண்டுக்கணக்காக மழையில் ஊறிய தளம் மிதித்தவுடன் உள்வாங்கும். பழைய மருத்துவமனைகளின் குழாய்களைச் சுற்றியிருந்த கல்நார் தூளாகி, மூச்சோடு நுரையீரலில் புகுந்து, இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வெளிப்படும். பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் 1987ஆம் ஆண்டு செப்டம்பரில், கைவிடப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சைக்கூடம் ஒன்றில் நுழைந்த இருவர், அங்கிருந்த கருவியைப் பழைய இரும்பு என்று கழற்றிச் சென்றனர். உள்ளே இருந்தது சீசியம் 137. இருளில் நீலமாக ஒளிர்ந்த அத்தூளை உறவினரும் அண்டை வீட்டாரும் அதிசயப் பொருளாகக் கைமாற்றிக்கொண்டனர். ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் மாண்டனர். 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது. அது மனநல மருத்துவமனை அன்று. ஆயினும், கைவிடப்பட்ட மருத்துவமனையை வெறும் கட்டடம் என்று எண்ணுவோர்க்கு இந்த ஒரு செய்தி போதும்.

ஆனால் என் வழக்கு உடலாபத்தைப் பற்றியது மட்டுமன்று. சுவர் இடியாமல் உறுதியாக நின்றாலும் இந்தப் பொழுதுபோக்கை நான் எதிர்ப்பேன். ஏனெனில் இது மிகப் பழைய ஒரு கொடுமையின் புது வடிவம்.

இலண்டன் மாநகரில் 1247ஆம் ஆண்டு பெத்லகேம் புனித மரியாவின் பெயரால் ஒரு துறவு இல்லம் நிறுவப்பட்டது. அதுவே காலப்போக்கில் மனநோயாளரை அடைத்துவைக்கும் இடமாயிற்று. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அங்கே சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோரைக் காண்பதற்காகவே மக்கள் திரளாக வந்தனர். வாசலிலிருந்த உண்டியலில் காசு போட்டுவிட்டு, உள்ளே சென்று நகைத்தனர். 1770ஆம் ஆண்டில்தான் இவ்வேடிக்கைக்குத் தடை வந்தது. நம் மீட்பர் பிறந்த ஊரின் பெயர் ஆங்கில மொழியில் திரிந்து, கூச்சலுக்கும் குழப்பத்துக்கும் உரிய சொல்லாக இன்றும் வழங்குகிறது. பெத்லகேமுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டாயிற்றே என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

ஆங்கிலேயரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. 1871ஆம் ஆண்டு முதல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் மருத்துவமனையை நாம் என்ன செய்தோம்? அவ்வூரின் பெயரையே வசைச்சொல்லாக்கினோம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொன்னால் திரையரங்கு முழுவதும் சிரிக்கிறது. கீழ்ப்பாக்கம் பாழடைந்துவிடவில்லை, நாள்தோறும் நோயாளர் அங்கே மருத்துவம் பெறுகின்றனர். 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனனைப் போன்றோர் தம் வாழ்நாளை அங்கே செலவிட்டிருக்கின்றனர். அவர் 2021ஆம் ஆண்டில் மறைந்தார். கண்காணிப்பாளரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நகைச்சுவைத் துணுக்கு மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

இனி, படக்கருவியைப் பற்றிப் பேசுவோம். அது தன்னளவில் தீயது என்று நான் கூறவில்லை. ஒரே மருத்துவமனையில் அது இருவேறு காலங்களில் செய்த இருவேறு பணிகளை எடுத்துக்காட்டினால் என் கருத்து விளங்கும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பைபெரி என்று வழங்கப்பட்ட அரசு மனநல மருத்துவமனை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, மனச்சான்றின் பெயரால் ஆயுதம் ஏந்த மறுத்த கிறித்தவ இளைஞர் பலர் இத்தகைய மருத்துவமனைகளில் பணியாளராக அமர்த்தப்பட்டனர். அவர்களுள் குவேக்கர் சபையைச் சேர்ந்த சார்லஸ் லார்ட் என்பவர், ஆடையின்றி வெறுந்தரையில் குந்தியிருந்த நூற்றுக்கணக்கான மனிதரைக் கண்டார். மேலதிகாரிகள் அறியாதவாறு படமெடுத்தார். 1946ஆம் ஆண்டு மே மாதம் அப்படங்கள் 'லைஃப்' இதழில் வெளிவந்தபோது அந்நாடு அதிர்ந்தது. சீர்திருத்தக் குரல்கள் எழுந்தன. அதே பைபெரி 1990ஆம் ஆண்டு மூடப்பட்டது. கல்நார் நிறைந்த அக்கட்டடங்கள் 2006ஆம் ஆண்டில் இடித்து அகற்றப்படும் வரை, இரவுகளில் வேலி தாண்டிக் குதித்த இளைஞரின் கூடாரமாயின. அவர்களும் படம் எடுத்தனர். முதலாமவர் தாம் எடுத்த படத்தால் ஒரு கதவையேனும் திறக்க முயன்றார். பின்னவர்கள் திறந்து கிடந்த கதவின் வழியே நுழைந்து பேயைத் தேடினர்.

பேயைத் தேடுவோர் காணத் தவறும் ஓர் உண்மை உண்டு. அவ்விடங்கள் பாழானது ஒருவகையில் நற்செய்தியே! இத்தாலியில் பிராங்கோ பசாலியா என்னும் மருத்துவர் பூட்டிய விடுதிகளைத் திறக்கப் போராடினார். 1969ஆம் ஆண்டில் அவர் தம் துணைவியாருடன் சேர்ந்து வெளியிட்ட நூலொன்றில், உள்ளே வாழ்ந்தோரின் படங்களே வாதமாக நின்றன. 1978ஆம் ஆண்டு மே மாதம் நிறைவேறிய 180ஆம் எண் சட்டத்தின் வழியே அந்நாட்டின் மனநோய்க் காப்பகங்கள் படிப்படியாக மூடப்பட்டன. இன்று அங்கே படமெடுக்கப்படும் வெற்றுக் கட்டில்கள், மனிதர் எழுந்து வெளியேறிய கட்டில்கள். அதைக் கண்டு அஞ்ச என்ன இருக்கிறது? (வெளியே வந்தோருக்கு எங்கும் நல்வாழ்வு கிட்டியது என்று சொல்ல இயலாது. அமெரிக்காவில் பலர் தெருவிலும் சிறையிலும் போய் முடிந்தனர். அதுவும் பழுதடைந்த கூரையைப் படமெடுப்போரின் கண்ணில் படுவதில்லை.)

வோல்தெர்ரா என்னும் இத்தாலிய நகரின் மருத்துவமனைக்கு மட்டும் நான் விலக்கு அளிப்பேன். அங்கு அடைபட்டிருந்த ஒரெஸ்தே நன்னெத்தி என்பவர், தம் சீருடையின் உலோகக் கொக்கியால் முற்றத்துச் சுவரில் ஆண்டுக்கணக்காக எழுத்துகளையும் உருவங்களையும் கீறி வைத்தார். சுவரையே ஏடாக்கிக்கொண்ட ஒருவரின் நூல் அது. மழையில் உதிர்ந்துகொண்டிருந்த அந்தச் சுவரைப் பொறுமையாகப் படமெடுத்துக் காத்தவர்கள் ஓர் அறச்செயலைச் செய்தனர் என்பேன். இடிபாட்டில் ஒரு மனிதரைத் தேடிய படம் அது.

மனிதரைத் தேடாத படமோ அவரை இரண்டாம் முறை புதைக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் வில்லார்ட் மனநல மருத்துவமனை 1995ஆம் ஆண்டு மூடப்பட்டபோது, பரணில் 400க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடைத்தன. உள்ளே வரும்போது நோயாளர் கொண்டுவந்து, திரும்ப எடுத்துச் செல்லாத பெட்டிகள். அம்மருத்துவமனையின் கல்லறைத் தோட்டத்தில் 5,700க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்களின் குழிகளுக்கு எண்கள் மட்டுமே இடப்பட்டன. நவம்பர் 2ஆம் நாள் நாம் நம் பெற்றோரின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, கல்லில் வெட்டிய பெயரை விரலால் தடவிப் பார்க்கிறோம். அங்கே வெறும் எண் இருந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே அலைந்தவரின் வரலாறு நாம் அறிந்ததே. விலங்குகளையும் சங்கிலிகளையும் உடைத்தெறிந்து, இரவும் பகலும் கத்தித் திரிந்த அவரிடம் இயேசு பெயரைக் கேட்டார். ஊரார் என்ன செய்தனர்? அவர் ஆடையுடுத்தி, தெளிந்த அறிவோடு அமர்ந்திருக்கக் கண்டபோதுதான் அவர்களை அச்சம் பிடித்தது! நோயைவிடக் குணம் அவர்களை மிகவும் கலங்கச் செய்தது. இது பழங்கதையன்று. குணமடைந்த பின்னும் அழைத்துச் செல்ல ஆளின்றி மனநல மருத்துவமனைகளிலேயே கிடப்போரின் மறுவாழ்வைப் பற்றி 2017ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றமே ஆணையிட வேண்டியிருந்தது.

நம் கடற்கரைக்கு வருவோம். தனுஷ்கோடிக்குப் போகும் நம் பிள்ளைகள் ஏர்வாடிக்குச் செல்லும் கிளைச் சாலையைத் தாண்டியே போகின்றனர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், அங்குத் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளிருந்தோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். ஓட இயலாமல் கருகியவர்களும் பின்னர் இறந்தவர்களுமாக 28 பேர். அடுத்த சில நாள்களில் அத்தகைய காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். செய்தித்தாள்களில் வந்ததைக் கொண்டே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

ஏர்வாடியில் படமெடுக்க இன்று இடிபாடு எதுவும் இல்லை. கீற்றுக் கொட்டகை சாம்பலாயிற்று. சாம்பல் காற்றில் போயிற்று. நம் நாட்டில் இக்கொடுமை நிகழ்ந்த இடங்கள் பெரும்பாலும் இத்தகையவையே: தென்னங்கீற்று, வேப்பமரம், கொல்லைப்புறத்து அறை, தூண். கலைநயம் மிக்க வளைவுகள் அங்கே இல்லாததால் எவரும் அவற்றைப் படமெடுக்க வருவதில்லை. அதைப் பிறசமயத்தார் ஊரில் நடந்தது என்று ஒதுக்கவும் நமக்கு உரிமையில்லை. தர்காவுக்குச் செல்லும் அதே நம்பிக்கையோடு, அதே நோயுற்ற பிள்ளைகளைக் குணசீலம் பெருமாள் கோவிலுக்கும், நம்முடைய புளியம்பட்டி புனித அந்தோனியார் திருத்தலத்துக்கும் தாய்மார் அழைத்து வருகின்றனர். செபமும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர் எந்தச் சமயத்தவராயினும் அவர் செய்வது கேடு.

'அப்படியானால் உயிரோடிருப்போரைப் படமெடுக்கட்டுமா?' என்று கேட்கலாம். அதற்கும் எல்லை உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 24ஆம் பிரிவில், சிகிச்சை பெறும் மனநோயாளரின் படத்தையோ பிற செய்தியையோ அவரது இசைவின்றி ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்கிறது. சார்லஸ் லார்ட் எவரிடமும் இசைவு பெறவில்லையே என்றால், ஆம், பெறவில்லை. கேட்பதற்கு வழியற்ற ஓர் இருட்டறையில் அவர் நின்றார். சாலையோரத்தில் கந்தல் மூட்டையோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பவரைத் தேநீர்க் கடையிலிருந்தபடியே படமெடுத்து, சிரிப்புப் பாடலோடு சேர்த்து அனுப்புகிற இளைஞருக்கு அந்தச் சாக்கு இல்லை. கேட்பதற்கு அவரிடம் நாவு இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

அத்தகையவரைக் கண்டால் செய்யத்தக்கது யாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாமல் அலையும் மனநோயாளரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது, 100ஆம் பிரிவின்படி, அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொது மருத்துவ நிலையத்துக்கு அவரைக் கொண்டுசெல்ல வேண்டும். சிறையிலோ காவல் கொட்டடியிலோ அடைக்கக்கூடாது. ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லாத அரசுத் தொலைபேசி எண் 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இயங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள ஒவ்வொரு பங்கிலும் இரண்டு இளைஞரையேனும் இப்பணிக்கென்று பங்குப் பேரவை பெயர் குறித்து நியமிக்கட்டும். காவலர் தயங்கினால் பேரவை உறுப்பினர் ஒருவர் சட்டத்தின் படியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களோடு காவல் நிலையம் வரை செல்லட்டும்.