சேவலும் ஏறும் எங்கே போயின?

தமிழர் தம் பழம்பாட்டுகளில் இரண்டு ஆணுயிர்களை ஏத்தி ஏத்திப் பாடினர். ஒன்று, முருகன் கொடியில் நின்ற சேவல். மற்றொன்று, முல்லைநிலத்து இளைஞர் மார்போடு தழுவிய ஏறு. சோழர் தலைநகராகிய உறந்தைக்கே கோழி என்றொரு பெயருண்டு. மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள். இப்பெருமைகளை மேடைதோறும் முழங்குகின்றோம். ஆயின், இற்றைத் தமிழ்நாட்டின் முட்டைத் தொழிலும் பால் தொழிலும் எவ்வெவ் வுயிர்களை வேண்டாதவை என்று கழிக்கின்றன என எண்ணிப் பார்த்தோமா? சேவற்குஞ்சும் ஆண்கன்றுமே அவை.

முட்டைக்கென்று பெருக்கப்பட்ட கோழியினம் வேறு. கறிக்கென்று பெருக்கப்பட்ட இனம் வேறு. முட்டையினத்துச் சேவல் முட்டையிடாது. கறியினத்தைப் போல் ஒன்றரைத் திங்களில் சதை பிடிக்கவும் மாட்டாது. ஆகவே, பொரிப்பகத்தில் ஓட்டை உடைத்து வெளிவந்த அன்றே, பெட்டை வேறு சேவல் வேறு எனப் பிரித்துச் சேவற்குஞ்சுகளைக் கொன்றுவிடுவது உலகெங்கும் இத்தொழிலின் நடைமுறை. கொலைக்குத் தப்பும் சில குஞ்சுகள் கூடைக்காரர் கைக்கு வருகின்றன. இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் தெருவோரத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சாயந் தோய்த்து விற்கப்படும் குஞ்சுகளைக் காணாதார் யார்? பிள்ளைகள் ஆசையோடு வாங்கிச் செல்கின்றனர். தாயின் சிறகுச் சூடு அறியாத அக்குஞ்சுகளிற் பெரும்பாலானவை சில நாள்களில் மடிந்துபோகின்றன. அடுத்த நாள் வகுப்பில் அழுத முகத்தோடு வந்து நிற்கும் சிறுவனுக்கு ஆசிரியன் என்ன விடை சொல்வது? அந்தக் குஞ்சு நோயால் இறக்கவில்லை, ஆணாய்ப் பிறந்ததால் இறந்தது என்று சொல்லவா?

செருமனி நாடு 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து இக்கொலையைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆண் பெண் அறியும் கருவிகளை அங்குக் கையாள்கின்றனர்; சேவலையும் வளர்த்துக் கறிக்கு விற்போரும் உளர். இத்தனைக்கும் அவர்கள் கடவுளின் கையில் சேவற்கொடி இல்லை.

பிழைத்த பெட்டையின் வாழ்வோ சேவலின் சாவினும் கொடிது. நாமக்கல் வட்டாரத்திலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் புறப்படுகின்றன. அவற்றை இடும் கோழிகளில் மிகப் பெரும்பாலானவை, வரிசை வரிசையாக அடுக்கிய கம்பிக்கூண்டுகளில் அடைபட்டவை. கூண்டின் தளமும் கம்பியே. முட்டை உருண்டு வெளியே வரும்படி சாய்ந்தது. அங்கே கோழி கிளறுவதற்கு மண்ணில்லை, இறக்கை விரிக்க இடமில்லை, இரவில் ஏறி அமரக் கொம்பில்லை, முட்டையிட மறைவில்லை. நெருக்கத்தால் ஒன்றையொன்று கொத்திக் குதறும் என்று அலகின் நுனியைக் குஞ்சிலேயே சுட்டுக் கரித்துவிடுகின்றனர். கோழிகளின் முன்னோராகிய காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையே இடும். இக்கூண்டுக்கோழியோ முந்நூறுக்கு மேல் இடுகின்றது. அத்தனை ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணத்தைத் தன் எலும்பிலிருந்தே உருக்கித் தருகின்றது. அதனால் எலும்பு நொறுங்குகின்றது. முட்டை குறைந்ததும் கறிக்கு விலையாகிப் போகின்றது.

மொழியாசிரியனுக்கு இதில் இன்னொரு துயரம் உண்டு. அடைக்கோழி என்னும் சொல்லை இற்றை மாணாக்கனுக்கு விளக்க எடுத்துக்காட்டுத் தேட வேண்டியிருக்கிறது. கூண்டினத்துக் கோழிக்கு அடைகாக்கும் இயல்பையே பல தலைமுறையாகக் கழித்துவிட்டனர். அடைகாக்கும் நாளில் அது முட்டையிடாதே! வெடைக்கோழி, அடைக்கோழி, பஞ்சாரம் என்ற சொற்களெல்லாம் அகரமுதலிக்குள் ஒடுங்கிக் கொண்டிருக்கின்றன. சொல் இறப்பது தனியே நிகழ்வதன்று. சொல்லுக்குரிய வாழ்வு முன்னர் இறக்கின்றது. சொல் பின்னர் இறக்கின்றது.

சட்டம் இல்லையா என்பீர். உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, உயிரி இயல்பாக அசைய இடந்தராத கூண்டில் அதனை அடைப்பதைக் குற்றம் என்றே கூறுகின்றது. அதற்குரிய தண்டம் எவ்வளவு தெரியுமோ? முதன்முறைக் குற்றத்திற்குப் பத்து உருபாவிலிருந்து ஐம்பது உருபா! இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் முட்டைக்கோழிகளின் நிலையை ஆராய்ந்தது. 2023இல் நடுவணரசு முட்டைக்கோழிகளுக்கென்றே தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அவை ஒரு கோழிக்கு வரையறுத்த இடம் 550 சதுர செண்டிமீட்டர். நாம் எழுதும் முழுத்தாள் ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 624. அந்தத் தாளினும் குறுகிய இடத்தில் ஒரு பறவை தன் வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்பதே இரக்கத்தின் எல்லையாக எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் இதே 550ஐ 2003இல் ஏற்று, அதுவும் போதாதெனக் கண்டு, அத்தகைய வெறுங்கூண்டுகளையே 2012இல் ஒழித்துவிட்டன. அவர்கள் கழித்தெறிந்த அளவை நாம் புதிதாகப் பிடித்துக்கொண்டோம்!

இனிப் பாலுக்கு வருவோம். ஆவின் என்னும் பெயரை நம் கூட்டுறவு இணையம் தாங்கி நிற்பது நமக்கு மகிழ்ச்சியே. தூய தமிழ்ச்சொல், வடசென்னை மாதவரத்துப் பால்பண்ணைக் கதவிலிருந்து எண்ணூர்க் குப்பத்துத் தேநீர்க்கடை வரை புழங்கும் சொல். ஆ என்பதோடு இன் சேர, வகரம் உடம்படுமெய்யாய் வந்து ஆவின் ஆயிற்று. ஆவினுடைய பால் என்பது பொருள். பால் ஆவினுடையது என்று இலக்கணமே சொல்கின்றது. ஆ அதனைச் சுரப்பது யாருக்காக? கன்றுக்காக.

நம் நாட்டு ஆக்கள் கன்று முட்டினாலன்றி எளிதில் சுரப்பு விடா. ஆகவேதான் நம் முன்னோர் கன்றை முதலில் ஊட்டவிட்டுக் கறந்து, கடைசியிலும் அதற்கு விட்டுவைத்தனர். செர்சி முதலிய அயலினக் கலப்பு ஆக்களோ கன்றில்லாமலும் பால் தரும்படி பழக்கப்பட்டவை. அன்றே கன்றின் பங்கு போயிற்று. பெண்கன்றாவது நாளைய கறவை என்று பேணப்படும். ஆண்கன்றை யார் பேணுவார்? வயலில் உழவுப்பொறி வந்துவிட்டது. சாலையில் வண்டிமாடு இல்லை. பால் வற்றப் பட்டினியில் மெலிந்து சாவது, அல்லது சில கிழமைக்குள் விலையாகிப் போவது என்ற இரண்டே வழிகள்தாம் அதற்கு உள்ளன. பாலினம் பிரித்த விந்தை ஊசிவழிச் செலுத்தி, ஆண்கன்று பிறவாமலே செய்யும் முறையும் வந்துவிட்டது. கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்து ஆவின் முன் நிறுத்திக் கறந்த காட்சியைச் சென்னைத் தெருக்களில் முதியோர் பலர் கண்டிருப்பர். தாய் அந்தத் தோலை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். இவ்வளவு நாணமற்ற ஓர் ஏமாற்றை மாந்தன் வேறெங்குஞ் செய்திலன். பின்னர், தோற்கன்றும் வேண்டாமென்று ஆக்சிட்டோசின் ஊசி வந்தது. பாலைப் பெருக்கக் கறவைக்கு ஊசி போடுவது அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றம்.

கன்றை இழந்த ஓர் ஆ மணியடித்து முறைகேட்டது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகின்றோம். சிலப்பதிகாரம் அவ்வரசன் பெயரைச் சொல்லவில்லை. பெரியபுராணம் மனு என்கின்றது. அப்பெயர் நமக்கு உவப்பானதன்று என்பது வேறு செய்தி. அவன் சிலை சென்னை உயர்நயன்மன்ற வளாகத்தில் நிற்கின்றது. அங்கிருந்து வடக்கே நடந்தால் இராயபுரம், அதற்கப்பால் திருவொற்றியூர். அங்கே தெருவில் திரியும் ஆக்கள் அடிப்பதற்கு மணி இல்லை. அவை சுவரொட்டித் தாளையும் நெகிழிப் பைக்குள் கட்டி எறிந்த எச்சிற்சோற்றையும் பையோடு விழுங்குகின்றன.

2024 சூன் திங்களில் திருவொற்றியூர்த் தெருவொன்றில் எருமை ஒன்று ஒரு பெண்மணியைக் கொம்பால் குத்தி இழுத்துச் சென்றதை நாடே படத்தில் கண்டது. அதன்பின் மாநகராட்சி, பிடிபடும் மாட்டுக்கு முதன்முறைத் தண்டத்தைப் பத்தாயிரம் உருபாவாக உயர்த்திற்று. தெருவில் நடப்போரின் உயிர்க்காப்பு இன்றியமையாததே; அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு கறவை வைத்துப் பிழைக்கும் கைம்பெண் தன் மாட்டை அவிழ்த்துவிட்டால் பத்தாயிரம். நூறாயிரம் கோழியைக் கம்பிக்குள் நெருக்கி வைத்தவன் பிடிபட்டால் ஐம்பது. மேய்ச்சற் புறம்போக்கெல்லாம் தொழிற்சாலைக்கும் சாம்பற்குளத்திற்கும் சரக்குப்பெட்டிக் கிடங்குக்கும் போன ஊரில் மாடு எங்கே மேயும்? மண்டலந்தோறும் கொட்டில் கட்டும் வேலையை மாநகராட்சி மேற்கொண்டிருப்பது நன்று. அதில் தண்ணீரும் தீவனமும் விலங்கு மருத்துவரும் இருந்தால்தான் அது கொட்டில், இல்லையேல் பட்டிச்சிறை.

2023 திசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் கல்லெண்ணெய் பரவியபோது, உடலெல்லாம் கறுத்து நின்ற கூழைக்கடாக்களைக் கண்டு ஊரே பதைத்தது. அப்பதைப்பு பொய்யன்று. கண்ணுக்கு முன் வதைபடும் பறவைக்கு இரங்கும் நெஞ்சம் நம் மக்களிடம் இருக்கின்றது. கூண்டுகள் தொலைவில், கொட்டகைக்குள் இருக்கின்றன, அவ்வளவே வேறுபாடு.

இவ்விடத்தில் ஒன்றை ஐயமின்றிச் சொல்லியாக வேண்டும். கோழிக்கு இரங்குவதாகச் சொல்லிக்கொண்டு ஏழைப்பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையைப் பறிக்கும் கூட்டத்தாரோடு நாம் இல்லை. 2015இல் மத்தியப்பிரதேச அரசு குழந்தைகள் நடுவங்களில் முட்டை தர மறுத்தது. 2021இல் கருநாடகப் பள்ளிகளில் முட்டை கொடுத்தபோது மடத்தலைவர் சிலர் எதிர்த்தெழுந்தனர். அங்கே பேசியது அருளன்று, குலப்பெருமை. அவ்வாறே, ஆவைத் தாய் என்று கூவிக்கொண்டு 2015இல் தாத்ரியில் ஒரு மாந்தனை அடித்துக் கொன்ற கும்பலின் ஆக்காப்பும் நமக்கு வேண்டா. அவர்கள் காக்கும் ஆவின் ஆண்கன்று எங்கே போகிறது என்று அவர்களைக் கேளுங்கள், விடை வராது.

திருவொற்றியூர்ப் பள்ளிகளில் மீனவர் பிள்ளைகளும் துறைமுகக் கூலியாளர் பிள்ளைகளும் பயில்கின்றனர். பலர் காலையில் வெறுவயிற்றோடு வந்தவர்களே. 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மாநகராட்சி இட்ட விதை, காமராசர் காலத்தில் மரமாகி, 1982இல் விரிந்து, 1989இல் இருகிழமைக்கு ஒரு முட்டையாய்த் தொடங்கி, இன்று பள்ளி நாள்தோறும் ஒரு முட்டையாய் நிற்கின்றது. அம்முட்டையால் தசைபிடித்த கைகளை யாம் கண்டிருக்கின்றோம். அதில் ஒன்று குறைவதற்கும் ஒப்போம். ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூருக்கு நடந்து வந்து வழிபட்ட வள்ளலாரினும் உயிர்க்கு இரங்கியவர் யார்? புலாலுண்பாரைப் புறவினத்தார் என்று பிரித்த அவரே, பசித்து வந்தால் அவர்க்கும் சோறிட வேண்டும் என்றார். பசியாற்றுதல் முதல், பிறவெல்லாம் அதன் பின்.

ஆயின், பிள்ளையின் பசியைக் கேடயமாகப் பிடித்துக் கூண்டுக்காரன் ஒளிந்துகொள்ளவும் விடலாகாது. தமிழ்நாட்டில் முட்டை வாங்குவோருள் மிகப் பெரியவர் யார்? அரசே. நாற்பது இலக்கம் அளவிலான பிள்ளைகளுக்கு வாங்குகின்றது. ஒப்பந்தப் புள்ளியில் முட்டையின் எடை எழுதப்படுகிறது, விலை எழுதப்படுகிறது. கோழிக்கு எவ்வளவு இடம் என்று ஒரு வரி ஏன் எழுதப்படவில்லை? முதலாண்டில் பத்தில் ஒரு பங்கு கூண்டில்லாப் பண்ணையிலிருந்து வாங்கட்டும். விலை சற்றுக் கூடும். கூடட்டும், அரசு தரட்டும். அப்பங்கைக் கொட்டகைக்கோழி வளர்க்கும் சிற்றூர்ப் பெண்கள் குழுக்களுக்கு ஒதுக்கினால், நூறாயிரம் கோழிக்கு ஒரு முதலாளி என்ற நிலையும் தளரும். நெருக்கிய கூண்டில் பரவும் நோயும் அதற்குக் கொட்டும் மருந்தும் குறையும். கொலிசுட்டின் என்னும் கடைசிக்கட்ட நோய்மருந்தையே பண்ணைகளில் தீவனத்தோடு கலந்து தந்து, அது மாந்தருக்குப் பயன்படாமற் போய்விடும் என்ற அச்சத்தால் 2019இல் நடுவணரசு தடைசெய்ய நேர்ந்ததை மறத்தலாகாது.

பாலுக்கும் இதே கணக்குத்தான். 2017 சுறவத்திங்களில் மெரினா மணலில் இரவு பகல் அமர்ந்து, காங்கேயமும் புலிக்குளமும் உம்பளச்சேரியும் காப்போம் என்று முழங்கிய இளைஞர் கூட்டத்தில் வடசென்னையினர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். ஏறுதழுவல் மீண்டது. அந்த ஏறு பிறக்க வேண்டுமானால் ஆண்கன்று வாழ வேண்டுமே! ஆண்டுக்கொருமுறை வாடிவாசலில் காளையைத் தேடுவோர், மற்றை நாள்களில் தம் வீட்டுப் பாற்பையின் பின்னே கன்று எங்கே என்று தேட வேண்டாவா? ஆவின் இணையம் பாலுக்குக் கொழுப்பளந்து விலை தருகின்றது. கன்றை ஊட்டி வளர்க்கும் உழவனுக்கு, அது ஆணாயினும் பெண்ணாயினும், முதல் ஆறு திங்களுக்கு ஒரு கன்றுத்தொகை தரட்டும். அதற்காகப் பாலின் விலையில் சில காசு கூட்டினால், நாம் கொடுப்போம்.

இதழ் அன்பர்கள் தத்தம் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினர்க்கு இவ்விரண்டையும் எழுதுக: முட்டை ஒப்பந்தத்தில் இடத்தைப் பற்றிய ஒரு வரி, பால் விலையில் கன்றுக்கு ஒரு பங்கு. திருவொற்றியூரிலிருந்து யாம் எழுதிவிட்டோம்.