முகவரி மாறினால் பலகை வையுங்கள்

இணையதளம் தொடங்குவதில் சங்கங்கள் காட்டும் ஆர்வத்தை அதைப் பராமரிப்பதில் காட்டுவதில்லை. புதிய நிர்வாகக் குழு வந்ததும் தளத்தின் தோற்றத்தை மாற்றுகிறது. பக்கங்களின் முகவரிகளும் மாறிவிடுகின்றன. பழைய ஆண்டு மலரில் பாட்டி எழுதிய கட்டுரையைத் தேடும் பேரனுக்கு '404' என்ற எண்தான் கிடைக்கிறது. அப்படியொரு பக்கம் இல்லை என்று பொருள். பல சமயம் பக்கம் பத்திரமாகவே இருக்கும். அதற்குப் போகும் வழிதான் அறுந்திருக்கும்.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, முகவரிகளை மாற்றக் கூடாது என்று 1998-லேயே வலியுறுத்தினார். மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய முகவரிக்கு '301' என்னும் குறிப்பைக் கொடுத்தால் போதும். வருபவர் தானாகவே புதிய இடத்துக்குப் போய்ச் சேருவார்.

ரயில்வேயில் கீமேன் தமக்குரிய தண்டவாளத்தை நாள்தோறும் நடந்தே பார்க்கிறார். தளர்ந்ததை அன்றே இறுக்குகிறார். நமக்கு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அறுந்த இணைப்புகளைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள்களே இருக்கின்றன.

இன்னொன்றும் முக்கியம். தளத்தின் பெயரை யாரோ ஓர் உறுப்பினர் தம் பெயரில் பதிவு செய்திருப்பார். அவர் மாற்றலாகிப் போனபின் புதுப்பிக்க ஆளிருக்காது, தளமே போய்விடும். சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். டாட் ஆர்க் பெயரென்றால் 10 ஆண்டுக்கும் சேர்த்தே கட்டணம் கட்டலாம்.

2009-ல் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, பிரதி எடுத்து வைக்காதவர்களின் பக்கங்கள் பல அழிந்தே போயின.

ஊர் ஊராக மாற்றலாகும் நம் குடும்பங்களுக்குச் சங்கத்தின் பழைய பக்கங்களே பதிவேடு. அதைக் காக்க அடுத்த பொதுக்குழுவிலேயே ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.