பஞ்சத்தில் பூட்டக் கூடாத பெட்டி

மழை பொய்த்த ஆண்டில் ஒரு குடும்பம் முதலில் எந்தச் செலவை நிறுத்துகிறது? இக்கேள்விக்கு நாம் தரும் விடை நம்மை நமக்கே காட்டிக்கொடுக்கும். அலைபேசிக்குக் கட்டும் பணத்தை நாம் நிறுத்துவதில்லை. உறவினர் வீட்டு மொய்யை நிறுத்தினால் ஊர் பேசும்; அதையும் நிறுத்துவதில்லை. தண்டல்காரருக்குரிய தவணையை நிறுத்தவே இயலாது. பொழுது சாய்வதற்குள் அவர் வாசலில் வந்து நிற்பார். யாரும் வாசலில் வந்து நில்லாத தொகை ஒன்றுண்டு. அது நம் குழுவில் நாமே போடும் சேமிப்பு. நம் சங்கத்துக்கு நாமே செலுத்தும் சந்தா. ஆகவே அதனையே முதலில் நிறுத்துகிறோம். கையில் நாலு காசு புரளும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். கையில் காசு புரளும் காலம் வரும்போதோ, திரும்பிச் சென்று சேர்வதற்குச் சங்கம் இருப்பதில்லை.

இந்த வரிசை தவறானது என்பதே நம் வாதம். இன்னலுற்ற காலத்தில் கடைசியாகக் கைவிட வேண்டியதை நாம் முதலில் கைவிடுகிறோம்.

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் காட்டுச் சாலையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் இது. ராகியும் கொள்ளும் அவரையும் விளையும் மானாவாரி நிலம். கதிர் முற்றும் நாட்களில் பரண்மேல் விழித்திருந்து யானைக்குக் காவல் காப்போர் வாழும் மண். 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் இம்மாவட்டத்துக் காடுகளில் அமைந்தன. நிலம் சோறு போடாத வீட்டுப் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் பேருந்து ஏறுகிறார்கள். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த நாள் முதல் ஓசூரின் சங்கொலி இம்மலைக் கிராமங்களையும் எழுப்புகிறது. ஆனால் அங்குச் செல்வோரில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர். ஆலைக்கு வரும் வேலை குறைந்தால், "நாளை முதல் வர வேண்டாம்" என்னும் ஒரு சொல்லோடு அவர்கள் ஊர் திரும்ப வேண்டியதுதான். 2020 மார்ச்சு மாத ஊரடங்கு அதனை எல்லார் கண்முன்னும் நிறுத்திற்று.

மழை நம் கையில் இல்லை. யானை நம் சொல் கேட்பதில்லை. ஆலையின் உற்பத்தியை எங்கோ ஒரு நகரில் அமர்ந்திருப்போர் முடிவு செய்கிறார்கள். அப்படியாயின், நம் வாழ்வைப் பற்றி நாமே கூடி முடிவெடுக்கும் இடம் எது? மகளிர் குழு, பால் சங்கம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், ஊர் நூலகம், வாரச் சந்தை, பங்குப் பேரவை ஆகிய இச்சிறு அமைப்புகளே நமக்கு எஞ்சியிருக்கும் இடங்கள். இவற்றையும் நாமே பூட்டிவிட்டால், நம்மைப் பற்றிய எல்லா முடிவுகளும் நம் ஊருக்கு வெளியே எடுக்கப்படும்.

இத்தகைய அமைப்புகள் வளமான காலத்தின் ஆடம்பரங்கள் என்று எண்ணுவோர் வரலாற்றைப் படிக்கட்டும். செருமனி நாட்டில் 1846-47ஆம் ஆண்டின் கடுங்குளிரில் பஞ்சம் வந்தபோது, வையர்புஷ் என்னும் சிற்றூரின் மேயராயிருந்த ரைபைசன், ஊராரைச் சேர்த்து மாவு வாங்கிப் பொது அடுப்பு கட்டி, ஏழைகளுக்குக் கடனாக ரொட்டி கொடுத்தார். பின்னர்ச் செல்வர்களின் ஈகையைக் கொண்டு சங்கம் நடத்திப் பார்த்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களுடைய ஆர்வம் தளர்ந்தது. கொடுப்பவர் ஒருபுறமும் பெறுபவர் மறுபுறமும் நிற்கும் சங்கம் நிலைக்காது என்பதை அவர் பட்டுணர்ந்தார். 1864இல் கடன் பெறுவோரே உறுப்பினராகும் சங்கத்தை நிறுவினார். சென்னை மாகாணத்துக்கு வழி தேடிய பிரடெரிக் நிக்கல்சன், 1895லும் 1897லும் அளித்த தம் அறிக்கைகளில் இம்முறையையே போற்றினார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் பிறந்தது. அன்றைய சேலம் மாவட்டத்தைச் சூறையாடிய 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தை நேரில் கண்டவர்கள் அப்போதும் உயிரோடிருந்தார்கள்.

திருச்சபையின் வரலாறும் இதனையே சொல்கிறது. கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியாவில் 1930களின் பெருமந்தத்தில் மீனவரும் உழவரும் நொடிந்து கிடந்தபோது, அருட்தந்தை மோசஸ் கோடி அவர்களைச் சிறு படிப்பு வட்டங்களாக அமர்த்திக் கடன் சங்கங்களை எழுப்பினார். உள்நாட்டுப் போரால் சிதைந்த எசுப்பானியாவின் மொந்த்ராகோனில் அருட்தந்தை அரிஸ்மென்டியாரியெட்டா 1943இல் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அவருடைய மாணவர் ஐவர் 1956இல் தொடங்கிய பட்டறை ஒரு மாபெரும் கூட்டுறவுக் குடும்பமாயிற்று. அக்குடும்பத்தின் மூத்த நிறுவனமான ஃபாகோர் 2013இல் நொடித்துப்போனதும் உண்மைதான். ஆனால் வேலையிழந்த உறுப்பினரில் பலருக்கு உடன்பிறந்த கூட்டுறவுகள் வேலை கொடுத்தன. ஒரு கை ஒடிந்தபோது மறு கை தாங்கிற்று. நம் ஒப்பந்தத் தொழிலாளரைத் தாங்கும் மறு கை எங்கே?

தொலைதூரம் செல்வானேன்? தமிழகத்துக்கு மகளிர் குழுவை அறிமுகம் செய்த மண்ணே நம்முடையதுதான். பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது அன்றைய தருமபுரி மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அஞ்செட்டி மலைகளும் அப்போது அம்மாவட்டத்துள் அடங்கியிருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அதற்கு முன்பே, எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில், மைராடா என்னும் தொண்டு அமைப்பு வளர்த்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் 1980களின் நடுவில் உடைந்தன. உடைந்த சங்கத்தின் மக்கள் ஓடிவிடவில்லை. ஒருவரையொருவர் நம்பக்கூடிய சிலர் சிலராகக் கூடி, வாங்கிய கடனைத் திருப்பித் தர முன்வந்தார்கள். சுய உதவிக் குழு என்று நாம் இன்று அழைப்பதன் விதைகளுள் ஒன்று அந்த உடைவிலிருந்தே முளைத்தது. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கிற்று. 1997-98இல் மகளிர் திட்டம் தமிழகம் முழுதும் பரவத் தொடங்கிற்று. நம் பாட்டிமார் ஒரே பாயில் அமர்ந்து, சாதி பாராது, சமயம் பாராது, ஐந்தும் பத்துமாகப் போட்ட காசுக்கு இத்துணை நீண்ட பயணம் இருந்தது.

இன்று அவர்களுடைய பேத்திகள் எங்கே கடன் வாங்குகிறார்கள்? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று சொல்லி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரத்தைத் தருகிறார் ஒருவர். நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று மனம் ஆறுகிறது. ஆனால் நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக நாம் கையாண்ட தொகை ஏறத்தாழ 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் எனில், ஆண்டுக்கு நூற்றுக்கு எண்பது ரூபாய் வட்டி! அவ்வட்டியில் ஒரு காசும் நம் ஊர்க் கடைத்தெருவுக்குத் திரும்பி வருவதில்லை. மாறாக, இருபது பெண்கள் வாரம் ஐம்பது ரூபாய் போட்டால் ஆண்டு முடிவில் 52,000 ரூபாய் அவர்களுடைய பெட்டியில் சேரும். அதிலிருந்து கடன் பெறும் சகோதரி கட்டும் வட்டியும் அதே பெட்டியில்தான் விழும். அவரே அதில் இருபதில் ஒரு பங்குக்கு உரியவர்.

வட்டியினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. கணவர் வேலையிழந்த மாதத்தில், பிள்ளை மருத்துவமனையில் கிடக்கும் வாரத்தில், வெளியூர் நிறுவனத்தின் வசூல்காரர் தம் மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். தவணையைத் தள்ளிவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. நம் குழுவோ அன்று மாலையே கூடி, "இம்மாதம் அவளை விட்டுவிடுவோம்" என்று தீர்மானிக்கலாம். தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. வசூலில் நடக்கும் கொடுமைகளைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமே இயற்றிற்று. இவை தேவையானவை, வரவேற்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டுக் கண்ணீரை அறியும் கண் எந்தச் சட்டத்துக்கும் இல்லை.

"சங்கம் என்கிறீர்கள், அங்கே நடக்கும் ஊழலை அறியீரோ?" என்று கேட்போர் உண்டு. அறிவோம். பேரேட்டைத் தம் வீட்டில் வைத்துக்கொண்ட தலைவியரையும், தகுதியற்றோருக்குக் கடன் வழங்கிய நிர்வாகிகளையும் நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் தவறு செய்த மாதங்களில் நாம் எங்கே இருந்தோம்? கூட்டத்துக்கு வராமல் கையெழுத்தை மட்டும் வீட்டிலிருந்து அனுப்பியவர் யார்? பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்பட்டபோது தேநீருக்கு எழுந்து போனவர் யார்? கண்காணிக்க ஆளில்லாத வயலில் யானை புகுந்தால் குற்றம் யானைமேல் மட்டுமா? பரண் ஏறாதவருக்கும் அதில் பங்குண்டு.

"அரசு தள்ளுபடி செய்யும், காத்திருப்போம்" என்பது இன்னொரு வாதம். 2021இல் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியாயிற்று. நொடிந்து கிடந்த உழவனுக்கு அது உயிர்த் தண்ணீர். அதனை நாம் பழிக்கவில்லை. ஆயினும் தள்ளுபடியை எதிர்பார்த்தே கடன் வாங்குபவர், தம் சங்கத்தை அரசின் அன்னதானக் கூடமாக எண்ணுகிறார். நாணயமாகக் கட்டியவரை அவர் ஏமாளியாக்குகிறார்.

மூன்றாவது வாதம் நம் கத்தோலிக்க இல்லங்களில் மட்டும் ஒலிப்பது: "சாமியார் பார்த்துக்கொள்வார்." 1930இல் சேலம் மறைமாவட்டமும் 1997இல் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டமும் உருவாயின. அந்நீண்ட காலத்தில் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் கிணற்றுக்கும் கடல் கடந்து உதவி வந்தது. நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் வாங்கிப் பழகிய கை, கொடுக்க மறந்தது. 2020இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்ட பின், அவ்வுதவியைப் பெறுவதும் பகிர்வதும் மேலும் கடினமாயின. இனி யாரிடம் கேட்பது என்று திகைக்கிறோம். நம்மிடமே கேட்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. மேலோர் செய்ய வேண்டாததை மேலே தள்ளாதீர், கீழோர் செய்யக் கூடியதைப் பறிக்காதீர் என்னும் துணைநிலைக் கோட்பாட்டைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931இல் வகுத்தளித்தார். அது ஆட்சியாளருக்கு மட்டும் சொன்னதன்று. பொதுநிலையினராகிய நமக்கும் சொன்னது.

ஏழைகளிடம் போய்க் கேட்பதா என்று இரங்குவோர் சாரிபாத்துக் கைம்பெண்ணை நினைத்துப் பார்க்கட்டும். பஞ்சத்தின் உச்சத்தில், பானையில் ஒரு கையளவு மாவே எஞ்சியிருந்தபோதுதான் எலியா அவளிடம் அப்பம் கேட்டார். அம்மாவு தீரவில்லை. நம் வீடுகளிலும் ஒரு காலத்தில் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. மிசோரமின் பிரஸ்பிட்டேரியன் சபையார் நூறாண்டுக்கும் மேலாக இப்பிடியரிசியைக் கைவிடாமல் தங்கள் பணிகளைத் தாங்கி வருகிறார்கள். அவர்கள் நம்மைவிடச் செல்வராகத் தொடங்கவில்லை. நல்ல மாதம், கெட்ட மாதம் என்று பிரித்துப் பாராமல் போட்டார்கள், அவ்வளவே.

வசதியுள்ள நம்மவரிடமும் ஒரு சொல். ஆலையில் நிரந்தர வேலை பெற்று ஓசூரில் வீடு கட்டியவர்கள், விளம்பரத்தில் கண்ட கவர்ச்சித் திட்டங்களில் பணத்தைப் போட்டு இழந்துவிட்டுப் பின்னர்க் காவல் நிலையத்தில் வரிசையில் நிற்கிறார்கள். தம்மைப் படிக்க வைத்த ஊரின் சங்கத்தில் ஒரு வைப்புத்தொகை வைக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. திருவிழாவுக்கு வந்து கொடியேற்றத்துக்கும் வண்ண விளக்குக்கும் தம் படம் பதித்த பதாகைக்கும் தாராளமாகத் தருகிறார்கள். பதாகை பத்தாம் நாள் கிழிந்து வேலியில் தொங்குகிறது. அப்பணத்தில் பாதி குழுவின் பெட்டிக்குப் போயிருந்தால், அதே தெருவில் ஒரு தாய் தாலியை அடகு வைக்காதிருந்திருப்பாள். இதில் புனிதர் மனம் வருந்தியிருப்பார் என்று நாம் நம்பவில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். வருமானம் குறைந்த மாதத்தில் ஐம்பது ரூபாய் இயலாதெனில் பத்து ரூபாய் போடுவோம். ஆனால் போடாமல் இருக்க மாட்டோம். கடன் தேவையெனில் முதலில் நம் குழுவின் கதவைத் தட்டுவோம். வாங்கியதைத் திருப்பிக் கட்டுவோம். கூட்டத்துக்கு நேரில் செல்வோம். கணக்கை வாசிக்கச் சொல்லி இறுதிவரை கேட்போம். பங்கின் வரவு செலவும் கோவில் வாசலில் எல்லாரும் காண ஒட்டப்பட வேண்டும் என்று பணிவோடும் உறுதியோடும் கேட்போம். சந்தை நாளில் நம் ஊர் உழவர் கொண்டுவரும் ராகியையும் அவரையையும் பேரம் பேசி நோகடிக்காமல் வாங்குவோம்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. இன்று மாலை எங்கோ ஒரு மலைக்கிராமத்துத் திண்ணையில் பாய் விரித்து, பெட்டியைத் திறந்து வைத்து, பேரேட்டோடு ஒரு பெண் காத்திருப்பாள். சென்ற வாரம் பதினான்கு பேர் வந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் பதினேழு பேர். இவ்வாரம் எத்தனை பேர் என்பதை மழை முடிவு செய்யப் போவதில்லை. ஓசூர் ஆலையும் முடிவு செய்யப் போவதில்லை. அதனை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம்.