ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

இலண்டன் மாநகரிலே நெடுங்காலமாக வணிகம் நடத்திவரும் நண்பரொருவர் அண்மையில் ஊர் வந்திருந்தார். “துபாய்க்குக் குடிபெயரப் போகின்றேன். ஆண்டில் 183 நாட்களுக்குக் குறைவாக இங்கிலாந்திலே தங்கினால் வரித்தொல்லை இல்லை” என்றார்.

“மனைவி மக்கள்?” என்று வினவினேன்.

“அவர்கள் இலண்டன் வீட்டிலேயே இருப்பார்கள். பிள்ளைகளின் படிப்பைக் குழப்பலாமா?”

அவருக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்கின்றேன்.

றொபேட் கெயின்ஸ் கூப்பர் என்னும் ஆங்கில வணிகர் 1976ஆம் ஆண்டிலே சீசெல்ஸ் தீவுகளுக்குச் சென்று குடியேறினார். ஆண்டொன்றுக்குச் சராசரி 91 நாட்களுக்குக் குறைவாகவே பிரித்தானியாவில் தங்குவதாக அவர் கணக்கிட்டு வந்தார். இறைவரித் திணைக்களத்தின் கைந்நூலிலும் அவ்வெண்ணிக்கை காணப்பட்டது. ஆயினும் இங்கிலாந்திலே அவருக்கு வீடு இருந்தது. மகனும் அங்கேயே கல்வி பயின்றான். வழக்கு அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது. 2011ஆம் ஆண்டிலே நீதியரசர் ஐவருள் நால்வர் அவருக்கு மாறாகத் தீர்ப்பளித்தனர். நாட்களை எண்ணுமுன், பழைய வாழ்வின் பிணைப்புகளை உண்மையாகவே தளர்த்திருத்தல் வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

2013 ஏப்ரல் 6 முதல் சட்டமே இதனை விதிகளாக வகுத்துள்ளது. வரியாண்டொன்றில் 183 நாட்கள் தங்குபவர் ஐயமின்றி அந்நாட்டில் வதிபவரே. அண்மையில் வெளியேறியவர் 16 நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் வதிபவர் அல்லர். வெளிநாட்டிலே முழுநேரத் தொழில் புரிவோருக்குத் தனி விதி உண்டு. ஏனையோருக்குப் பிணைப்புகள் ஐந்து கணிக்கப்படும்: அங்கு வதியும் மனைவி அல்லது இளம் பிள்ளைகள், தங்குவதற்கு வீடு, 40 நாட்களேனும் அங்கு வேலை செய்தல், முன்னைய ஈராண்டுகளுள் ஒன்றிலேனும் 90 நாட்களுக்கு மேலாகத் தங்கியிருத்தல், வேறெந்த நாட்டிலும் பார்க்க அங்கே கூடுதலாகத் தங்குதல்.

நண்பருக்குக் குடும்பம் ஒன்று, வீடு இரண்டு, சென்ற ஆண்டு அங்கிருந்தமை மூன்று. மூன்று பிணைப்புகள் உள்ளவர் 46 நாட்கள் தங்கினாலே வதிபவராவார். நான்காயின் 16 நாட்களே போதும். அதன்பின் துபாயில் ஈட்டும் பொருளும் பிரித்தானிய வரிக்கு உட்படலாம்.

இன்னுமொன்று. நெடுங்காலம் அங்கு வதிந்தவர், வெளிநாட்டிலிருந்தபடி தம் கம்பனிப் பங்குகளை விற்றுவிட்டு ஐந்தாண்டு நிறையுமுன் திரும்பினால், அந்த இலாபத்திற்குத் திரும்பிய ஆண்டிலே வரி கேட்கப்படும்.

நண்பர் சற்றுநேரம் பேசாதிருந்தார். “அப்படியானால் கணக்காளரிடம் போகுமுன் மனைவியிடமல்லவா பேசவேண்டும்?” என்றார்.

ஆம். போவதாயின் குடும்பத்தோடு போவதா, அன்றேல் போகாதிருப்பதா என்பதை வீட்டிலே முதலில் தீர்மானித்தல் வேண்டும். வரியை மிச்சம் பிடிக்கத் தனியே செல்லும் தந்தை, வரியையும் செலுத்தி, பிள்ளைகள் வளர்வதையும் காணாமற் போகலாம். அந்த நட்டத்தை எந்தக் கணக்காளராலும் ஈடுசெய்ய இயலாது.