பழைமையும் துவிச்சக்கர வண்டியும்

கடந்த ஆவணி மாதப் பாடசாலை விடுமுறையில், என் மனைவி, மகன், மகள், யான் ஆகிய நால்வரும் நான்கு துவிச்சக்கர வண்டிகளிற் கோப்பாயிலிருந்து பருத்தித்துறைக்குச் சென்று, என் பழைய நண்பர்களைக் கண்டு, மறுநாள் மீண்டோம். இஃது அயலிற் பெரும் பேச்சாயிற்று. “பண்டிதருக்கு ஒரு வான் பிடிக்க வழியில்லையோ?” என்றார் ஒருவர். “கைப்பேசியில் முகம் பார்த்தே பேசலாமே, பிசிராந்தையாரும் சோழனும் காணாமலே நட்புச் செய்யவில்லையா?” என்றார் மற்றொருவர். முன்னவருக்கு விடை வேண்டுவதில்லை. பின்னவர் தமிழ் கற்றவர். இலக்கியத்தைச் சான்றுக்கு அழைத்துவிட்டார். ஆதலின் அவருக்கு விடை கூறுதல் என் கடனாயிற்று.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நெடுங்காலம் ஒருவரையொருவர் காணாது நட்புப் பூண்டிருந்தனர் என்பது உண்மையே. ஆனால் அக்கதையை நம்மவர் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றனர். சோழன் வடக்கிருந்தபோது, அவர் வருவார் என்று தன் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னான். பாண்டி நாட்டிலிருந்து அவரும் வந்தார். வந்ததனாலன்றோ அந்த நட்பு புறநானூற்றில் இடம் பெற்றது? வாராதிருந்தாராயின், “இருவர் நல்லெண்ணம் வைத்திருந்தனர்” என்ற அளவோடு அது முடிந்திருக்கும்.

இதனை யான் பிறர்க்குச் சொல்லுமுன் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியவனாயிருந்தேன். என்னோடு பண்டித வகுப்பிற் பயின்ற அன்பர் ஒருவர் கரவெட்டியில் வாழ்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். செய்தியைக் கைப்பேசியிற் படித்தேன். கைப்பேசியிலேயே இரங்கலும் எழுதினேன். சொற்கள் நன்றாகத்தான் அமைந்தன. அவர் படலையைத் திறந்து உள்ளே சென்று ஒன்பது ஆண்டுகளாயிருந்தன என்பது, எழுதி அனுப்பிய பின்னரே நினைவுக்கு வந்தது.

1990 ஆம் ஆண்டு முதல் 1995 வரை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர்க்கு யான் சொல்வது விளங்கும். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, புகையிரதம் இல்லை. ஓடிய சில மோட்டார் வண்டிகளும் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. துவிச்சக்கர வண்டி ஒன்றே நமக்குத் தேரும் சுமைவண்டியும் நோயாளர் ஊர்தியுமாயிற்று. வானொலிச் செய்தி கேட்பதற்கும் வண்டியை நிமிர்த்தி வைத்து, தைனமோவை உழக்கினோம். பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓடுவது அடக்கமோ என்று முன்னர் வினவிய பெரியவர்களின் வாயை அக்காலம் அடைத்துவிட்டது. அந்த ஒரு நன்மைக்காக அக்காலத்துக்கு நன்றி சொல்ல ஒருப்படேன் எனினும், நன்மை நன்மையே. அத்தகைய நாட்களிலும், விமான இரைச்சலுக்குச் செவிகொடுத்தபடி, மாதம் ஒருமுறையேனும் நாங்கள் ஒருவரையொருவர் கண்டோம். பின்பு பாதை திறந்தது. 2014 இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமும் மீண்டது. வீதிகள் காப்பெற் வீதிகளாயின. நாங்கள் காண்பதை விட்டுவிட்டோம். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது வண்டிகளைத் துடைத்து வெளியே எடுத்தவர் பலர். பெற்றோல் கிடைத்ததும் அவை மீண்டும் விறாந்தைக்குப் போயின. என்னுடையதும் அவ்வாறே போயிற்று.

கோப்பாயிலிருந்து பருத்தித்துறை ஏறக்குறைய 16 மைல். ஏற்றமும் இறக்கமும் இல்லாத சுண்ணாம்புக்கல் தரை. துவிச்சக்கர வண்டிக்கென்றே அமைந்த நாடு. நீர்வேலியில் வாழைத் தோட்டங்களிடையே ஒரு நண்பர் வீடு. படலையிற் பூட்டுத் தொங்கியது. கனடாவிலுள்ள மகளிடம் போய்விட்டார் என்று அயல்வீட்டு அம்மையார் கூறி, செம்பிற் தண்ணீர் தந்தார். முன்னரே பேசி அறிந்திருக்கலாமே என்றான் மகன். அறிந்திருந்தால் அந்தப் படலையடியில் நின்றிருக்கமாட்டேன். சிறுப்பிட்டியைக் கடக்கையில், 1832 இல் அவ்வூரிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றிய வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். வகுப்பறையிற் கொட்டாவி விடும் மகன் அன்று இரண்டு கேள்வி கேட்டான். வானிற் சென்றிருந்தால் அவ்வூரை இரண்டு நிமிடத்திற் கடந்திருப்போம். புத்தூருக்கு அண்மையில் நிலாவரைக் கிணற்றையும் பார்த்தோம். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். ஆவரங்காலில் மகளின் வண்டிச் சில்லுக்குக் காற்றுப் போயிற்று. ஒட்டுப் போடுவதற்குள், “எந்த ஊர்? ஆரிட்டைப் போறியள்?” என்று கடைக்காரர் எங்கள் வரலாறு முழுவதையும் கேட்டறிந்தார்.

வல்லை வெளியிற் சோழகக் காற்று முதுகிற் கை வைத்துத் தள்ளியது. தென்மேற்குப் பருவத்தில் வடமராட்சிக்குச் செல்வோர்க்கு அது தோழன். மறுநாள் மீளும்போது என்ன செய்யும் என்பதை என் மனைவி மட்டும் முன்னரே எண்ணியிருந்தார்.

பருத்தித்துறை நண்பரைப் பற்றிச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுதும் பெயர்ந்தபோது, என் தாயாரைக் கரியரில் இருத்தி, புத்தகக் கட்டைக் காண்டிலிற் தொங்கவிட்டு, மழையில் நாவற்குழிப் பாலம் கடந்தேன். சாவகச்சேரியிற் சில நாள் தங்கி, கொடிகாமம் வழியே அவர் வீட்டை அடைந்தேன். அடுத்த ஆண்டு சித்திரை வரை அவர் வீட்டு உலையில் எங்களுக்கும் சேர்த்தே அரிசி இட்டார்கள். மீளும்போது சுமை குறைக்க வேண்டி, சேனாவரையருரைக்கு யான் வகுப்பில் எழுதிய குறிப்பேடு ஒன்றை அவரிடம் விட்டுவந்தேன். அத்தகைய வீட்டுக்கு ஒன்பது ஆண்டுகள் போகாதிருந்தேன் என்பதை இவ்விடத்தில் எழுத நாணுகின்றேன்.

அவர் குறை கூறவில்லை. அவர் துணைவியார் பனங்காய்ப் பணியாரம் கொண்டுவந்து வைத்தார். உண்டு முடிந்ததும், துணியிற் சுற்றிய ஏட்டை நண்பர் எடுத்துவந்தார். விரித்தால், ஓரங்களெங்கும் சிவப்பு மை! என் பிழைகளையெல்லாம் திருத்தி வைத்திருக்கின்றார். வேற்றுமை மயக்கம் பற்றி யான் எழுதிய ஒரு பக்கத்தை முழுதாகவே அடித்துவிட்டார். வள்ளுவர் ‘பழைமை’ என ஓர் அதிகாரம் வகுத்து, பழகிய நண்பர் உரிமையாற் செய்வனவற்றைப் பேசுகின்றாரே, அதற்கு இதனினும் நல்ல உரை யான் கண்டதில்லை. அப்பக்கத்தைப் பற்றி இரவு ஒரு மணி வரை வாதாடினோம். அவர் கூறியதே சரி என்பதை இங்கு ஒப்புக்கொள்கின்றேன், அங்கு ஒப்பவில்லை.

எல்லோரும் சைக்கிளிலேயே செல்க என்று யான் விதிக்கவில்லை. முதியோர்க்கு இயலாது. நிழல் மரங்கள் குறைந்த இவ்வகன்ற வீதிகளில், ஊதிக்கொண்டு விரையும் பேருந்துகள் சைக்கிள்காரனை மண்ணோரத்துக்குத் தள்ளுகின்றன. மகளை முன்னே விட்டுப் பின்னே சென்ற எனக்கு நெஞ்சு பலமுறை திடுக்கிட்டது. வீதி சமைப்போர் ஒரு முழ அகலமாவது நமக்கென ஒதுக்கினால் ஆகாதோ? முன்னோர் சுமப்பவனுக்குச் சுமைதாங்கி அமைத்தனர். பருத்தித்துறையில் வழிப்போக்கன் களைப்பாறத் தெருவுக்கே கூரையிட்டுத் தெருமூடி மடம் சமைத்தனர். நடந்து வருபவன் ஒருவன் உண்டு என்ற நினைவு அவர்களுக்கிருந்தது.

ஆயினும் வானிற் செல்லும் விருந்தினன் வாயிலிலேயே மணி பார்க்கின்றான், வாடகை ஓடிக்கொண்டிருக்கின்றது. வியர்த்துக் களைத்து வந்தவனை எவரும் உடனே திருப்பி அனுப்புவதில்லை. அவனுக்கும் உடனே எழுந்து போகக் கால் வராது. நட்புக்கு வேண்டிய பொழுது அக்களைப்பிலேயே கிடைத்துவிடுகின்றது.

மறுநாள் வல்லை வெளியைக் கடக்க ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. பாதியில் இறங்கி உருட்டினோம். குறிப்பேடு என் கரியரில் இருந்தது. தைப்பொங்கலுக்குப் பின் தாம் கோப்பாய்க்கு வருவதாக நண்பர் சொல்லியிருக்கின்றார். அப்போது வாடைக்காற்று வீசும். அவருக்கு அது முதுகுப்புறம்.