மறந்த மேதையா, மறைத்த மேதையா?

2007-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் காட்டினார்கள். பெர்சி ஜூலியன் என்ற கறுப்பின விஞ்ஞானியின் கதை. ‘மறக்கப்பட்ட மேதை’ என்று பெயர். படம் அருமை. பெயரோடுதான் நமக்குச் சண்டை. மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டாமா? நம்மில் எத்தனை பேருக்கு ஐயா அவரைத் தெரியும்?

ஜூலியனின் தாத்தா அடிமையாக இருந்தவர். எழுதக் கற்ற குற்றத்துக்காக அவர் கையில் இரண்டு விரலை வெட்டிவிட்டார்களாம். பேரன் 1899-இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். அந்த ஊரில் கறுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. 1916-இல் இண்டியானாவில் காலேஜில் சேர்ந்தார். காலேஜ் பாடத்தோடு, விட்டுப்போன பள்ளிப் பாடத்தையும் ராத்திரியில் படித்தார். வெள்ளைக்கார மாணவர் விடுதியில் அடுப்பெரித்து, சாப்பாடு பரிமாறி, பரணில் படுத்தார். 1920-இல் முதல் மாணவராக வெளியே வந்தார். மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் குடும்பத்தையே அந்த ஊருக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். பெற்றோர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

டாக்டர் பட்டத்துக்கு வியன்னா வரை போக வேண்டியிருந்தது. 1935-இல் கண் நோய்க்கான மருந்து ஒன்றை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிக் காட்டினார். அப்போதும் படித்த காலேஜ் பேராசிரியர் வேலை தரவில்லை. பெயிண்ட் கம்பெனி ஒன்றுதான் எடுத்துக்கொண்டது. அங்கே அவர் பிரித்தெடுத்த சோயாப் புரதத்தில் செய்த நுரை, இரண்டாம் உலகப் போரில் கப்பல்களில் தீயை அணைத்தது. மூட்டுவாத மருந்தான கார்ட்டிசோனை மலிவாகச் செய்யவும் வழி கண்டார். நூற்றுக்கு மேற்பட்ட பேட்டன்ட் அவர் பெயரில்!

அப்படிப்பட்டவர் 1950-இல் சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் வீடு வாங்கினார். குடிபோவதற்கு முன்பே தீ வைக்கப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் டைனமைட் வீசினார்கள். மனுஷன் அசையவில்லை, அங்கேயே இருந்தார்.

“பார்த்தீங்களா, மூளை இருந்தா எப்படியும் முன்னுக்கு வந்துடலாம்” என்று சிலர் சொல்வார்கள். நாம் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம். அதே மூளையோடு எட்டாம் வகுப்பில் நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ? அவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்க முடியாது, பெயரே இல்லையே.

இந்தப் படத்தைத் தமிழில் பேசவைத்துத் தோட்டத்து மண்டபங்களில் காட்டினால் என்ன? திருவிழாவுக்கு நாடகம், பாட்டுக் கச்சேரி என்று செலவழிக்கிறோமே, ஒரு ராத்திரி இதற்கும் ஒதுக்கலாமே. சங்கத்துக்காரர்களைத்தான் கேட்கிறோம்.