பின்னால் அடித்த காற்று

மலை ஏறுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மூச்சு வாங்கினால் மலையைக் கை காட்டிவிடலாம். 'அம்மாடி, எவ்வளவு உயரம்!' என்று ஊரே ஒப்புக்கொள்ளும். உள்ளங்கை மாதிரி சமமான ரோட்டில் நாக்குத் தள்ள சைக்கிள் மிதிக்கிறவன் எதைக் காட்டுவான்?

இந்தச் சங்கடம் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எனக்கு நேர்ந்தது. வெள்ளானூரிலிருந்து பழவேற்காடு. சுமார் ஐம்பது கிலோமீட்டர்.

யோசனை என்னுடையது அல்ல. ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பர் ஒருவர், டாக்டர் பயமுறுத்தியதால் இருபத்தொரு கியர் வைத்த சைக்கிள் வாங்கியிருந்தார். "பூரா ஃப்ளாட் ரோடு சார். தூங்கிக்கிட்டே மிதிக்கலாம். பழவேற்காட்டுல பூநாரை வந்திருக்காம். பார்த்துட்டு, மீன் குழம்பு சாப்பிட்டுட்டு வந்துடலாம்" என்றார். பூநாரையை விட மீன் குழம்பு என்னை அசைத்துவிட்டது.

என்னிடம் இருப்பது அப்பாவின் கறுப்பு சைக்கிள். ஒரே ஒரு கியர். அதுவும் என் கால்தான். 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. முப்பது வருஷம் அப்பாவைச் சுமந்துகொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் போய் வந்தது. அதாவது அம்பத்தூரில் பிறந்து, அம்பத்தூருக்கே வேலைக்குப் போன சைக்கிள். அதன் பாருக்குள் கால் விட்டுக் குரங்குப் பெடல் அடித்துத்தான் நான் ஓட்டக் கற்றேன்.

சனிக்கிழமை ராத்திரி அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "தை மாசம்... வாடைக் காத்துடா. நீ போறது வடகிழக்கே. பார்த்துப் போ" என்றார்.

"காத்து என்னப்பா பண்ணும்?" என்றேன். சிரித்தார். அதோடு சரி.

விடிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். டயரை அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. 'போன மாசம் நாம அடிச்ச காத்து, அப்படியே இருக்கே!' என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அலமாதி, பம்மதுகுளம், செங்குன்றம், சோழவரம், காரனோடை. தச்சூர் கூட்டுரோடு வரை லாரிகள் தயவில் உயிர் வாழ்ந்தோம். வலது பக்கம் திரும்பிப் பொன்னேரியைத் தாண்டியபோது வெளிச்சம் வந்துவிட்டது. கூடவே காற்றும் வந்தது.

முதலில் சைக்கிளில்தான் கோளாறு என்று நினைத்தேன். பிரேக் கட்டை உரசுகிறதோ என்று இறங்கிப் பார்த்தேன். செயினைப் பார்த்தேன். எல்லாம் சரி. ஏறி மிதித்தால் யாரோ கேரியரைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. பக்கத்தில் நண்பர் இருபத்தொரு கியரையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார், டி.வி. ரிமோட்டை அமுக்குகிற மாதிரி. எந்தச் சேனலிலும் காற்று நிற்கவில்லை.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிரே காற்றும் 15. முகத்தில் மோதுவது 30. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால், காற்றே வீசாத நாளை விட நாலு மடங்கு தடை. "கூட்டு வட்டி சார் இது!" என்று புலம்பினார் அக்கவுண்ட்ஸ்காரர்.

இந்த அவஸ்தையை அணு அணுவாக அறிந்தவர்கள் டச்சுக்காரர்கள். மனிதர்களை விட சைக்கிள்கள் அதிகம் உள்ள தேசம். நிலத்தில் கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழே. மலை கிடையாது, காற்றுதான் அவர்களுக்கு மலை. அதற்கென்றே 2013-லிருந்து ஒரு போட்டி நடத்துகிறார்கள். கடலோரப் புயல் தடுப்பணை மேல் எட்டரை கிலோமீட்டர், புயல் காற்றுக்கு எதிராக, கியர் இல்லாத சாதா சைக்கிளில் மிதிக்க வேண்டும். நல்ல காற்று வரும் என்று வானிலைக்காரர்கள் சொன்ன பிறகுதான் தேதியே அறிவிப்பார்கள். அசட்டுத்தனத்தைக்கூட ஒழுங்காகச் செய்கிறவர்கள்!

வேடிக்கை என்னவென்றால், இதே டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். இரு நூற்றாண்டு இருந்துவிட்டு, 1825-ல் ஊரை வெள்ளைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சைக்கிளின் கொள்ளுத்தாத்தாவான பெடல் இல்லாத இரு சக்கர வண்டி ஜெர்மனியில் ஓடியது 1817-ல். பெடல் வருவதற்கு முன்பே இவர்கள் கிளம்பிவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் எங்களோடு சேர்ந்து புலம்பியிருக்கலாம்.

மெதூர் தாண்டி, திருப்பாலைவனம் என்ற போர்டைப் பார்த்ததும் நண்பர் பதறிப் போய்த் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். பேர்தான் பாலைவனம். இரண்டு பக்கமும் வயல். அப்புறம் வயல் தேய்ந்து, மரம் குறைந்து, சீமைக்கருவேலமும் சேறும் உப்பு வாசனையுமாக ஒரு வெளி. அதற்கப்பால் ஏரி. ஏரியா, கடலா என்று முடிவு செய்யாத தண்ணீர்.

சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி இதுதான். பெரும் பகுதி ஆந்திராவில், மிச்சம் நம்மிடம். ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். தூரத்தில் வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் பூநாரைகள். காற்றுக்கு முகம் கொடுத்து நின்றுகொண்டு, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டுச் சலித்துக்கொண்டிருந்தன. கரையோரம் சில பெண்கள் குனிந்து, சேற்றில் கையை விட்டுத் துழாவி இறால் பிடித்தார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியிருந்தார்கள். எதிர்க்காற்றைப் பற்றி இனிப் பேசுவதில்லை என்று அந்த இடத்தில் தீர்மானித்தேன். (மீன் குழம்பு வரும் வரை தீர்மானம் நிலைத்தது.)

"எவ்வளவு இடம் சார், சும்மா கிடக்கு!" என்றார் நண்பர். பிளாட் போட்டுப் பார்க்கிற கண். பள்ளிக்கரணையையும் இப்படித்தான் 'சும்மா கிடக்கு' என்று குப்பை கொட்டி, கட்டடம் கட்டினோம். 2015 டிசம்பரில் மழைத் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் வந்த பிறகுதான், அது வெறுமனே கிடக்கவில்லை, வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்கிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று புரிந்தது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்து மரியாதை செய்தோம். மிஞ்சிய பகுதிக்கு!

கோட்டை இருந்த இடத்தில் புதர். டச்சுக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. "இவங்களும் சைக்கிள்லதான் வந்திருப்பாங்க" என்றார் நண்பர்.

பன்னிரண்டரைக்குத் திரும்பினோம். அப்போதுதான் அதிசயம் நடந்தது. சைக்கிள் பறக்கிறது! காற்று நின்றுவிட்டது. கால் தானாகச் சுற்றுகிறது. போகும்போது நாலரை மணி நேரம். வரும்போது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. 'உடம்பு பழகிடுச்சு சார்' என்று நண்பர் சொல்ல, நான் அடுத்த மாதம் பாண்டிச்சேரி போகலாமா என்று யோசித்தேன்.

வீட்டு வாசலில் அப்பா. "காத்து எப்படிடா?"

"போறப்ப கொன்னுடுச்சுப்பா."

"வர்றப்ப?"

"வர்றப்ப காத்தே இல்ல. சுத்தமா நின்னு போச்சு. ரெண்டே முக்கால் மணி நேரத்துல வந்துட்டேன்!"

அப்பா பதில் சொல்லாமல் மாடியைக் காட்டினார். கொடியில் அம்மா உலர்த்திய வேட்டி தென்மேற்காகப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் வந்த திசையில்!

"பின்னாலேர்ந்து அடிச்சா காத்து தெரியாதுடா. நம்ம காலுன்னுதான் தோணும்" என்றார்.

எனக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்தது. வெயில் காலத்தில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்பா ஒரு நாளும் 'அலுப்பு' என்று சொன்னதில்லை. "காலைல மேல்காத்து எஸ்டேட் வரைக்கும் தள்ளிவிட்டுச்சு, சாயந்திரம் கடல்காத்து வீடு வரைக்கும் தள்ளிவிட்டுச்சு. போறதும் ஓசி, வர்றதும் ஓசி" என்பார். ஜோக் அடிக்கிறார் என்று நினைத்திருந்தேன். பின்னால் அடித்த காற்றுக்கும் கணக்கு வைத்திருந்த மனுஷர்! என் கணக்கில் எதிர்க்காற்று மட்டும்தான். இன்கிரிமென்ட் வராத வருஷம் எல்லாம் தேதியோடு ஞாபகம் இருக்கிறது. காலேஜ் ஃபீஸ் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் மறந்துவிடுகிறது.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "டயர் ரெண்டும் சப்பையா கிடந்துச்சுடா. நீ தூங்கினப்புறம் பத்து மணிக்கு மேல உக்காந்து பம்பு அடிச்சாரு. எழுபத்திநாலு வயசுல வேணாங்கன்னா கேட்டாத்தானே!"

அப்பா அவசரமாகப் பேப்பரைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டார். காலையில் படித்த அதே பேப்பர்.